ஆள்வோர் வகுத்த விதியும் அளவெட்டியின் வாக்கும்

ஆட்டக் களத்தில் இறங்கும் இரண்டு அணிகளுள் ஓர் அணியே ஆட்டத்தின் விதிகளையும் வகுக்குமாயின், மற்ற அணியின் நிலை யாதாகும்? அதன் ஆட்டக்காரர் எவ்வளவு வல்லவராயினும், ஆட்டம் எப்பொழுது தொடங்கும், எப்பொழுது முடியும், எவர் ஆடலாம், எவர் ஆடக்கூடாது என்பனவெல்லாம் எதிராளியின் கையிலே தங்கிவிடும். தேர்தலும் இத்தகையதே. வாக்குப் பெட்டியை உடைத்து வாக்குகளைத் திருடுவது முரட்டு வழி; அதை எவரும் எளிதிற் கண்டுகொள்வர். பெட்டியைத் தொடாமலே வெற்றியைத் தன்பக்கம் வைத்துக்கொள்ளும் வழிகளும் உள. அவை சட்டப் புத்தகத்தில் எழுதப்படுவன. பெரும்பான்மைப் பலத்தால் நிறைவேற்றப்படுவன. ஆதலால் முறையானவை போலவே தோற்றமளிப்பன.

இந்த உண்மையை அறிவதற்குத் தூரதேசங்களுக்குச் செல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் வடக்கிலே, தெல்லிப்பழையை அடுத்து, அளவெட்டி என்னும் ஊர் உள்ளது. கும்பிளாவளைப் பிள்ளையார் கோயிலையும், நாதசுர வித்துவான் என். கே. பத்மநாதனையும், கவிஞர் மஹாகவியையும் கொண்டு தமிழுலகம் அறிந்த ஊர் அது. அரசியற் கணக்கில் அது காங்கேசன்துறைத் தொகுதியைச் சேர்ந்தது. தோட்டமும் கோயிலும் பள்ளிக்கூடமுமாக வாழ்ந்த இவ்வூரின் வாக்காளர், தேர்தல் விதிகள் ஆள்வோர்க்குச் சாதகமாக வளைக்கப்படும் வகைகளுட் பலவற்றை ஒரே தலைமுறைக் காலத்திலே கண்டுவிட்டனர். அவர்களுடைய தொகுதியின் வரலாற்றைப் பின்தொடர்ந்து சென்றால், அவ்வகைகள் ஒவ்வொன்றாய்த் துலங்கும்.

இலங்கையில் 1931ஆம் ஆண்டிலே சர்வசன வாக்குரிமை வந்தது. ஆசியாவிலே அதனை முதன்முதற் பெற்ற நாடுகளுள் இலங்கையும் ஒன்று. ஆயினும் டொனமூர் அரசியற்றிட்டம் பூரண சுயாட்சியைத் தரவில்லை என்ற காரணத்தால், யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் வேண்டுகோளை ஏற்று, வட பகுதியின் நான்கு தொகுதிகள் அவ்வாண்டுத் தேர்தலைப் பகிஷ்கரித்தன. காங்கேசன்துறையும் அவற்றுள் ஒன்று. 1934ஆம் ஆண்டிலேயே அத்தொகுதிகள் பிரதிநிதிகளைத் தெரிந்து அனுப்பின. பகிஷ்காரம் சரியோ தவறோ என்பது வேறு வழக்கு. வாக்களிக்காதிருப்பதென்று மக்களின் தலைவர்கள் தாமே முடிவு செய்தனர் என்பதே இங்கு கருதத்தக்கது. பின்னாளில் இத்தொகுதிக்குப் பிரதிநிதியில்லாத காலங்கள் வந்தபோது, முடிவு செய்தவர் வேறொருவராயினர்.

விதிகளை வளைக்கும் முதல் வகை, எவர் வாக்காளர் என்பதை மாற்றுவதாகும். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளர் வாக்களித்தனர். இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களைப் பெற்றது. வேறு பல தொகுதிகளிலும் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி அபேட்சகர்களுக்குத் துணையாயின. மறு ஆண்டு சுதந்திரம் வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அம்மக்களுட் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்களுடைய காங்கிரசுக்கு ஓர் ஆசனமேனும் இல்லை. இதில் இன்னொரு நுட்பமும் இருந்தது. தொகுதிகளைப் பிரிக்கும்போது குடிசனத் தொகையே கணக்கிடப்பட்டது. ஆகவே வாக்கிழந்த தொழிலாளர் தலைக்கணக்கிற் சேர்ந்தனர்; வாக்காளர் இடாப்பிற் சேரவில்லை. அவர்களைக் கொண்டு ஆசனங்கள் பெருகின. அந்த ஆசனங்களில் அமர்வோரைத் தெரியும் உரிமை மட்டும் அயலவர்க்குப் போயிற்று.

அந்நாளிலே காங்கேசன்துறையின் பிரதிநிதியாய் இருந்தவர் திரு. சா. ஜே. வே. செல்வநாயகம். தமிழ்க் காங்கிரசின் சார்பில் வென்ற அவர், குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து நின்று, அரசாங்கத்தோடு இணைந்த தம் கட்சியை விட்டு விலகி, 1949ஆம் ஆண்டு டிசெம்பரிலே தமிழரசுக் கட்சியை நிறுவினார். இன்று மலையகத் தமிழருக்கு நேர்ந்தது நாளை ஏனைய தமிழருக்கும் நேரும் என்பது அவர் தரப்பின் வாதம். 1952இல் அதே தொகுதியில் அவர் தோல்வியுற்றார். 1956 முதல் 1970 வரை நடந்த தேர்தல்கள் அனைத்திலும் வெற்றி கண்டார்.

இரண்டாவது வகை, காலத்தைக் கையாள்வது. தேர்தலைத் தடைசெய்தால் உலகம் பழிக்கும். தள்ளிப்போட்டாலோ பழி குறைவு, பயன் அதிகம். 1970ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐந்து ஆண்டுகளுக்கெனத் தெரிவுசெய்யப்பட்டது ஐக்கிய முன்னணி அரசாங்கம். அத்தேர்தலில் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிக்கு 91 ஆசனங்கள். அதனிலும் சற்று அதிகமான வாக்குகளைப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சிக்கு 17 ஆசனங்களே. தொகுதிவாரித் தேர்தல் முறையின் விசித்திரம் அது. அந்தப் பெரும்பலத்தைக் கொண்டு 1972ஆம் ஆண்டு மே 22ஆந் தேதி புதிய குடியரசு யாப்பு நிறைவேற்றப்பட்டது. அப்பொழுதிருந்த சபையே புதிய தேசிய அரசுப் பேரவையாக மாறி, அந்நாள் தொடக்கம் ஐந்தாண்டுகள் இருக்கலாம் என்று அந்த யாப்பு விதித்தது. இவ்வாறு 1975இல் வரவேண்டிய பொதுத் தேர்தல் 1977க்குச் சென்றது. மக்களிடம் கேளாமலே இரண்டு ஆண்டுகள் கூட்டப்பட்டன.

யாப்பைத் தமிழ் மக்கள் ஏற்கவில்லை என்பதை நிரூபிக்கும்பொருட்டு, செல்வநாயகம் 1972ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆந் தேதி தம் பதவியை இராசினாமாச் செய்தார். அதே தொகுதியிலே தம்மோடு போட்டியிட்டு மக்கள் தீர்ப்பை அறியுமாறு அரசாங்கத்துக்கு அறைகூவல் விடுத்தார். இது வாக்காளரை நடுவராக வைக்கும் அறவழி. ஆனால் 1971ஆம் ஆண்டு முதல் நாட்டிலே அவசரகால நிலை நீடித்துக்கொண்டிருந்தது. இடைத்தேர்தலுக்கு நாள் குறிக்கப்படவில்லை. மாதங்கள் சென்றன, ஆண்டுகளும் சென்றன. அளவெட்டி, தெல்லிப்பழை, மல்லாகம் முதலிய ஊர்களின் மக்கள் பேரவையிலே தமக்கென ஒரு குரலின்றி இருந்தனர். இரண்டு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் கடந்தபின், 1975ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆந் தேதி தேர்தல் நடைபெற்றது.

செல்வநாயகத்துக்கு 25,927 வாக்குகள் கிடைத்தன. அரசாங்கத் தரப்பில் நின்ற கம்யூனிஸ்ட் கட்சி அபேட்சகர் வி. பொன்னம்பலத்துக்கு 9,457 வாக்குகள் கிடைத்தன. தீர்ப்பு தெளிவானது, ஆயினும் காலங் கடந்து வந்தது. உடல் நலிந்திருந்த அம்முதியவர் 1977ஆம் ஆண்டு ஏப்ரில் 26ஆந் தேதி மறைந்தார். மக்கள் தந்த வெற்றியை வைத்து அவர் பேரவையில் இருக்கக்கூடிய காலம் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றே மேற்பட்டதாயிற்று; அத்தீர்ப்பைப் பெறுவதற்குக் காத்திருந்த காலமோ அதனிலும் நீண்டது. தேர்தலில் தோற்கப்போகும் ஆட்சி, தோல்வியைத் தவிர்க்க முடியாவிடினும் அதன் பயனைக் குறைக்க முடியும் என்பதற்கு இதனிலும் நல்ல சான்று வேண்டுவதில்லை. அதனிலும் பெரிய நட்டம் ஒன்று உண்டு. வாக்கினால் பதில் பெறலாம் என்ற நம்பிக்கை, அந்தக் காத்திருப்பிலே இளைஞர் பலரின் உள்ளத்தில் தேய்ந்தது.

1977ஆம் ஆண்டு யூலை 21ஆந் தேதி பொதுத் தேர்தல் வந்தது. இம்முறை காற்று எதிர்ப்புறமாக வீசியது. ஏறத்தாழ நூற்றுக்கு 51 வாக்குகளைப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168 ஆசனங்களில் 140 கிடைத்தன. காங்கேசன்துறையில் வென்ற திரு. அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். திரு. ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசாங்கம் 1978ஆம் ஆண்டிலே மீண்டும் ஒரு புதிய யாப்பை இயற்றியது. நிறைவேற்று அதிகாரம் கொண்ட சனாதிபதி பதவியும், விகிதாசாரத் தேர்தல் முறையும் அதனோடு வந்தன. முன்னைய அரசாங்கத்தின் கால நீட்டிப்பைக் கண்டித்தவர்கள், தம் முறை வந்தபோது அதனிலும் நெடிய நீட்டிப்பைச் செய்தனர்.

மூன்றாவது வகை, எதிராளியைக் களத்திலிருந்து அகற்றுவது. முன்னாட் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரின் குடியியல் உரிமைகள், விசேட சனாதிபதி ஆணைக்குழு ஒன்றின் அறிக்கையை அடுத்து, 1980ஆம் ஆண்டு ஒக்டோபரிலே பாராளுமன்றத் தீர்மானத்தால் ஏழு ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டன. ஆளுங்கட்சியை எதிர்த்து நிற்கக்கூடிய பலமான அபேட்சகர் அவரே. அவரோ போட்டியிட முடியாதவரானார்.

நான்காவது வகை, தேர்தலை நடத்தும் கைகளை மாற்றுவது. 1981ஆம் ஆண்டு யூன் 4ஆந் தேதி யாழ்ப்பாண மாவட்ட அபிவிருத்திச் சபைக்குத் தேர்தல் நடைபெற்றது. தேர்தலுக்கு முன்னரே ஐக்கிய தேசியக் கட்சியின் அபேட்சகர் அ. தியாகராசா சுட்டுக் கொல்லப்பட்டார். மே 31ஆந் தேதிக் கூட்டத்திலே பொலிசார் சுடப்பட்டனர். அன்றிரவு தொடங்கிய பொலிசாரின் வெறியாட்டத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. அந்தச் சாம்பல் ஆறுமுன் நடந்த வாக்களிப்பிலே, முறைப்படி நியமிக்கப்பட்டிருந்த வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் பலர் கடைசி வேளையில் நீக்கப்பட்டு, தெற்கிலிருந்து வந்தோர் அமர்த்தப்பட்டனர். வாக்குப் பெட்டிகள் சில காணாமற் போயின. இத்தனைக்குப் பின்னும் பத்து ஆசனங்களையும் தமிழர் விடுதலைக் கூட்டணியே பெற்றது.

இவ்வகைகளெல்லாம் 1982ஆம் ஆண்டிலே ஒன்றாகத் திரண்டன. முதலிலே, ஓகஸ்ட் மாதத்தில் யாப்பின் மூன்றாந் திருத்தம் நிறைவேறியது. முதல் தவணையில் நான்கு ஆண்டுகளைக் கழித்த சனாதிபதி, ஆறாண்டு முடியுமுன்னரே தாம் விரும்பும் வேளையில் தேர்தலை வைக்கலாம் என்பது அதன் கருத்து. ஓட்டப் பந்தயத்தில் ஓடுபவரே தொடக்க ஒலியையும் எழுப்புவதுபோன்றது இது. ஒக்டோபர் 20ஆந் தேதி நடந்த தேர்தலில் ஜயவர்த்தனா நூற்றுக்கு 52.91 வாக்குகளைப் பெற்று வென்றார். அம்மையாருக்குப் பதிலாக அக்கட்சியின் சார்பில் நின்ற ஹெக்டர் கொப்பேகடுவாவுக்கு நூற்றுக்கு 39.07 கிடைத்தது.

அடுத்து வரவேண்டியது பாராளுமன்றத் தேர்தல். இங்கே ஆளுங்கட்சிக்கு ஒரு சிக்கல் எழுந்தது. புதிய விகிதாசார முறையில், நூற்றுக்கு 53 வாக்குகளைப் பெறும் கட்சி மூன்றிலிரண்டு பெரும்பான்மையைப் பெறல் அரிது. மூன்றிலிரண்டு இல்லையேல் யாப்பை நினைத்தவாறு திருத்த முடியாது. ஆதலின், தேர்தலையே நடத்தாமல், 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளை மேலும் ஆறாண்டுகள், அதாவது 1989ஆம் ஆண்டு ஓகஸ்ட் 4ஆந் தேதிவரை நீட்டுவதென நான்காந் திருத்தம் கொண்டுவரப்பட்டது. இதற்கு யாப்பின்படி மூன்றிலிரண்டு பெரும்பான்மையோடு மக்களின் சம்மதமும் வேண்டும். ஆகவே 1982ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆந் தேதி சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. எதிர்க்கட்சியிலுள்ள சிலர் தம்மைக் கொல்லச் சதி செய்தனர் என்பது சனாதிபதி கூறிய காரணம். ஆளுங்கட்சி உறுப்பினர் தேதியிடாத இராசினாமாக் கடிதங்களை முன்னரே அவரிடம் கையளித்திருந்தனர்.

ஐந்தாவது வகை இங்கேதான் வெளிப்படுகிறது. அது கேள்வியையே மாற்றுவது. தேர்தலிலே மக்கள், 'எம்மை ஆள்வோர் யார்?' என்ற கேள்விக்குப் பல பெயர்களிலிருந்து விடை தெரிவர். வாக்கெடுப்பிலோ பெயர்கள் இல்லை. திருத்தத்தை ஏற்போர் விளக்குச் சின்னத்துக்கும், மறுப்போர் குடச் சின்னத்துக்கும் புள்ளடியிட வேண்டும். நூற்றுக்கு 50க்கு மேற்பட்ட ஒரே 'ஆம்', நூற்றுக்கு 83 ஆசனங்களை ஆறாண்டுகளுக்கு நிலைநிறுத்திவிடும். விகிதாசார முறையின் கீழ் எந்தத் தேர்தலும் தரமுடியாத பரிசு அது.

வாக்கெடுப்பு அவசரகால நிலையின் கீழே நடந்தது. எதிர்ப்புக் குரல்கள் நெருக்கப்பட்டன; 'அத்த' என்னும் சிங்களப் பத்திரிகையை அச்சிட்ட அச்சகம் முத்திரையிடப்பட்டது. 'பவிதி ஹண்ட' என்ற துறவியர் அமைப்பின் துண்டுப் பிரசுரங்களைப் பொலிஸ் அதிகாரியொருவர் கைப்பற்றினார். அது அடிப்படை உரிமை மீறல் என உயர் நீதிமன்றம் தீர்த்து, நட்டஈடு செலுத்துமாறு பணித்தபோது, அதனை அரசாங்கமே செலுத்தியது. அதிகாரிக்குப் பதவியுயர்வும் கிடைத்தது. வாக்கெடுப்பிலே நடந்த அச்சுறுத்தல்களையும் முறைகேடுகளையும் தேர்தல் ஆணையாளரே தம் அறிக்கையில் எடுத்துரைத்தார். அது 1987ஆம் ஆண்டிலே வெளிவந்தது. அதற்குள் நீட்டிக்கப்பட்ட ஆயுளில் பெரும்பகுதி கழிந்துவிட்டது.

நாடு முழுவதிலும் விளக்குக்கு 31,41,223 வாக்குகள். குடத்துக்கு 26,05,983 வாக்குகள். நூற்றுக்கு 54.66 பேர் இசைந்தனர் எனக் கணக்கு முடிந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தின் கணக்கோ முற்றிலும் வேறு. அங்கே விளக்குக்கு 25,315, குடத்துக்கு 2,65,534. நூற்றுக்கு 91க்கு மேற்பட்டோர் மறுத்தனர். இரு மாதங்களுக்கு முன் சனாதிபதித் தேர்தலிலே இதே மாவட்டத்தில் ஜயவர்த்தனாவுக்கு 44,780 பேர் வாக்களித்திருந்தனர். அவருக்கு வாக்களித்தோர் தொகையை விட விளக்குக்கு வாக்களித்தோர் தொகை குறைந்திருப்பது கவனிக்கத்தக்கது.

மறுத்தவர்கள் அடைந்தது யாது? தெற்கிலே, விளக்குத் தோற்ற பல தொகுதிகளின் ஆளுங்கட்சி உறுப்பினர் பதவி விலக்கப்பட்டு, 1983ஆம் ஆண்டு மே 18ஆந் தேதி 18 இடைத்தேர்தல்கள் நடந்தன. அவற்றில் 14ஐ ஆளுங்கட்சியே மீளவும் வென்றது. வடக்கிலே அதே நாளில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலை ஆயுதமேந்திய இளைஞர் பகிஷ்கரிக்கச் சொன்னார்கள். மக்களுட் பெரும்பாலோர் வாக்களிக்கச் செல்லவில்லை. துப்பாக்கியும் வாக்குரிமையின் நண்பனன்று. ஆனால் வாக்குக்குப் பயனில்லை என்ற எண்ணத்தை விதைத்தவர்கள், துப்பாக்கியின் அறுவடையைக் கண்டு வியப்பதற்கில்லை.

யூலையிலே இனக்கலவரம் மூண்டது. ஓகஸ்ட் 8ஆந் தேதி யாப்பின் ஆறாந் திருத்தம் வந்தது. தனிநாட்டுக் கொள்கையைக் கைவிடுவதாகச் சத்தியம் செய்யாத உறுப்பினர் பதவியிழப்பர் என்று அது விதித்தது. தனிநாட்டுக் கோரிக்கையை முன்வைத்தே 1977இல் வாக்குப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணியினர் சத்தியம் செய்யவில்லை, ஆசனங்களை இழந்தனர். எதிர்க்கட்சித் தலைவரின் ஆசனமும் வெறுமையாயிற்று. யாழ்ப்பாண மாவட்டத்தின் வெற்றிடங்கள் நிரப்பப்படவில்லை. 1989ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆந் தேதிப் பொதுத் தேர்தல்வரை ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக அந்நிலை நீடித்தது. எந்தப் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டக்கூடாதென்று மக்கள் பத்துக்கு ஒன்பது என்ற அளவில் மறுத்தார்களோ, அந்தப் பாராளுமன்றம் நீடித்தது. அதிலே அவர்களுடைய பிரதிநிதிகள் மட்டும் நீடிக்கவில்லை. 1972இலிருந்து 1975வரை காத்திருந்ததையும் சேர்த்தால், காங்கேசன்துறைத் தொகுதி பதினாறு ஆண்டுகளுள் ஏழு ஆண்டுகளுக்கு மேல் பிரதிநிதியின்றி இருந்தது. போரின் கொடிய தொடக்க ஆண்டுகள் அக்காலத்திலேயே அடங்குகின்றன.

ஆள்வோர் தம் ஆயுளைத் தாமே நீட்டிக்கொள்வது இலங்கையில் மட்டும் நிகழ்ந்ததன்று. மூன்று ஆண்டுகளுக்கெனத் தெரிவான இங்கிலாந்துப் பாராளுமன்றம், 1716ஆம் ஆண்டிலே தன் காலத்தைத் தானே ஏழு ஆண்டுகளாக்கிற்று. அந்தப் பட்டறிவு வீண்போகவில்லை. 1911ஆம் ஆண்டுச் சட்டம் பிரபுக்கள் சபையின் அதிகாரத்தைக் குறைத்தபோதும், பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டும் மசோதாவைத் தடுக்கும் அதிகாரத்தை அச்சபைக்கே விட்டுவைத்தது. இந்தியாவிலே, அவசரநிலையின்போது 1976இல் முடியவேண்டிய மக்களவையின் காலம் நீட்டப்பட்டது. 1977ஆம் ஆண்டு மார்ச்சில் தேர்தல் வந்ததும் இந்திரா காந்தி அம்மையார் தம் தொகுதியிலேயே தோற்றார். சிலி நாட்டின் இராணுவ ஆட்சியாளர் பினோசே, 1988ஆம் ஆண்டு ஒக்டோபர் 5ஆந் தேதி, தம்மையே ஒரே பெயராக வைத்து 'ஆம்', 'இல்லை' என்ற வாக்கெடுப்பை நடத்தினார். நூற்றுக்கு ஏறத்தாழ 56 பேர் 'இல்லை' என்றனர். எதிர்த்தரப்பு ஒவ்வோர் இரவும் தொலைக்காட்சியிலே கால் மணி நேரம் பேச இடம்பெற்றிருந்தது. பேசுவதற்குச் சிறிது இடம் கிடைத்தாலும் விதியின் வளைவை மக்கள் நிமிர்த்திவிடக்கூடும் என்பதை இது காட்டும்.

இலங்கையிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. ஒருவர் இரு தவணைக்கு மேல் சனாதிபதியாகக்கூடாது என்ற தடையை 2010ஆம் ஆண்டின் பதினெட்டாந் திருத்தம் நீக்கியது. அதனை இயற்றுவித்த மகிந்த ராசபக்ச, நாளையும் தாமே தெரிந்து, 2015ஆம் ஆண்டு சனவரி 8ஆந் தேதி மூன்றாம் முறை போட்டியிட்டுத் தோற்றார். யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு 74 வாக்குகள் அவருடைய எதிராளிக்குக் கிடைத்தன. ஆயினும் காலத்தைக் கையாளும் பழைய வழி மறையவில்லை. வட மாகாண சபையின் காலம் 2018ஆம் ஆண்டு ஒக்டோபரில் முடிந்தபின், பல ஆண்டுகள் அதற்குத் தேர்தல் நடத்தப்படவில்லை. 2023ஆம் ஆண்டு மார்ச் 9ஆந் தேதிக்குக் குறித்த உள்ளூராட்சித் தேர்தல், பணம் விடுவிக்கப்படாமையால் நின்றது. அது வாக்காளரின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என 2024இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது; தேர்தல் 2025ஆம் ஆண்டு மே 6ஆந் தேதியே நடந்தது.

இவற்றிலிருந்து பெறப்படும் பாடம் ஒன்றே. வாக்குரிமை என்பது வாக்குச் சீட்டிலே புள்ளடியிடும் உரிமை மட்டுமன்று. அது குறித்த காலத்தில், விரும்பிய அபேட்சகருக்கு, நடுநிலையான அலுவலர் முன்னிலையில், நேர்மையான கேள்விக்கு விடையாக அளிக்கப்படும் உரிமை. இவற்றுள் ஒன்று குறைந்தாலும், எண்ணிக்கை எவ்வளவு நேர்மையாயினும் முடிவு நேர்மையாகாது. ஆதலின் தேர்தலின் நாளும் சபையின் ஆயுளும் ஆளுங்கட்சியின் கைக்கு எட்டாத இடத்தில் இருத்தல் வேண்டும். அவற்றை மாற்ற விரும்புவோர், தமக்கு அடுத்து வரும் சபைக்கே அம்மாற்றத்தைப் பொருத்துதல் வேண்டும்.

அளவெட்டியும் அதன் அயலூர்களும் அடங்கிய தொகுதி 1975இலே தன் தீர்ப்பைத் தெளிவாகக் கூறிற்று. அவ்வூர்கள் அடங்கிய மாவட்டம் 1982இலும் அவ்வாறே கூறிற்று. இருமுறையும் பெட்டியிலே விழுந்த வாக்குகள் எண்ணப்பட்டன. ஆனால் முன்னது வந்து சேருமுன் காலம் கழிந்துவிட்டது. பின்னது நாடளாவிய கணக்கிலே கரைந்துவிட்டது. தோற்ற ஆட்சிகள் பின்னர் மாறின. வளைந்த விதிகள் சில நிமிர்த்தப்பட்டன. காத்திருப்பிலே கழிந்த அந்த ஏழு ஆண்டுகளை மட்டும் எந்தத் திருத்தமும் அவ்வூர்களுக்குத் திருப்பித் தரவில்லை.